மாடியக்கா இறங்கி வந்த நாள்

பெட்டி ஒரு சாண் உயரம்கூட இருக்காது. செருப்புக் கடையில் அளவு பார்க்கக் காலை வைக்கச் சொல்வார்களே, அந்த மாதிரி ஒரு மரப்பெட்டி. மேலே ரப்பர் விரிப்பு ஒட்டியிருந்தது. அதன்மேல் இடது காலால் மட்டும் நின்றுகொண்டு, வலது குதிகாலை மெல்லத் தரையில் தொடவிட்டு, மறுபடி மேலே எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. மாடியக்காவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"விழுறீங்க அக்கா," என்றாள் முட்டிக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ.

"எங்க விழுந்தேன்? நின்னுட்டுதானே இருக்கேன்?"

"இறங்கச் சொன்னா விழுறீங்க. பாதி தூரம் கால் பிடிக்குது. மீதிக்கு டபக்குன்னு விட்டுடுறீங்க. முட்டி உள்பக்கமா சாயுது பாருங்க, கண்ணாடியில பாருங்க."

மாடியக்கா கண்ணாடியில் பார்த்தாள். முட்டி தெரியவில்லை. நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு சாண் பெட்டியின்மேல் கை இரண்டையும் விரித்துத் தடுமாறிக்கொண்டு நிற்பதுதான் தெரிந்தது. நகரத்துக் கட்டடங்களையெல்லாம் காலுக்குக் கீழே வைத்து உட்கார்ந்திருந்தவள் அவள். பறவைகள் முதுகைக் காட்டிப் பறக்கும் உயரத்தில் டீ குடித்தவள். அவளுக்கு இந்தப் பெட்டியைப் பார்த்தால் பயமாக இருந்தது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

அவள் டவர் க்ரேன் ஆபரேட்டர். கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஆகாயத்துக்கு நிற்குமே ஒரு மஞ்சள் இரும்புக் கோபுரம், அதன் உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுதான் அவளுடைய வேலையிடம். காலையில் ஏணியில் ஏறிப் போனால் மாலையில்தான் இறக்கம். நடுவில் கம்பிக் கட்டு, கான்க்ரீட் தொட்டி, பலகை, கண்ணாடிச் சட்டம் என்று எது வேண்டுமானாலும் அவள் கை அசைவில் எழும்பும், நகரும், இறங்கும். சைட்டில் எல்லாருக்கும் அவள் மாடியக்கா. மாடியிலேயே குடியிருப்பவள் என்பதால் வந்த பெயர். பெயர் வைத்தவன் சிக்னல் தம்பி. தரையில் நின்று வாக்கிடாக்கியில் அவளுக்குக் கண்ணாக இருப்பவன். கட்டடத்துக்குப் பின்னால் இறக்கும் சுமை அவளுக்குத் தெரியாது. அவன் குரல்தான் தெரியும். "கீழே, கீழே, இன்னும் கீழே, மெல்ல, மெல்ல, தொட்டாச்சு, நிறுத்து." பல வருஷமாக அந்தக் குரலை நம்பித்தான் அவள் டன் கணக்கில் இரும்பை மனிதர்களின் தலைக்கு மேலாகக் கொண்டுபோயிருக்கிறாள். அவன் முகத்தைவிடக் குரல்தான் அவளுக்குப் பழக்கம். எதிரே வந்து நின்றால் ஒரு நொடி யாரோ என்று தோன்றும். வாயைத் திறந்தால்தான் சொந்தக்காரன்.

முட்டி போனது உயரத்தில் இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய வெட்கம்.

மழை விட்ட ஒரு மாலை. அவள் ஏணியில் இறங்கும் விதமே தனி. கால் படியில் பட்டும் படாமலும் இருக்கும். உடம்பைக் கைதான் பிடித்துப் பிடித்து விடும். பழைய ஆபரேட்டர்கள் எல்லாருமே அப்படித்தான். கடைசிப் பகுதிக்கு வந்ததும் கையை விட்டுவிட்டு ஒரே குதி. கீழே யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் குதி இன்னும் கொஞ்சம் அழகாக இருக்கும். அன்றைக்கும் குதித்தாள். கீழே போட்டிருந்த இரண்டு பலகைக்கு நடுவில் பூட்ஸின் முனை சிக்கிக்கொண்டது. பாதம் அங்கேயே நின்றது, உடம்பு மட்டும் வாசல் பக்கம் திரும்பியது. முட்டிக்குள்ளே சோடா மூடி திறக்கிற மாதிரி ஒரு சத்தம். வீடு போய்ச் சேர்வதற்குள் முட்டி பூசணிக்காய் ஆகிவிட்டது.

ஸ்கேன் எடுத்தார்கள். மூட்டுக்குள் குறுக்காக ஓடி, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் நழுவாமல் கட்டி வைத்திருக்கும் நார் ஒன்று அறுந்துவிட்டது என்றார் டாக்டர். தொடைக்குப் பின்னாலிருந்து நார் எடுத்து அந்த இடத்தில் வைத்துக் கட்டப் போவதாகச் சொன்னார். அவளுக்குக் கயிறு பற்றித் தெரியும்.

"புதுக் கயிறு எத்தனை டன் தாங்கும் டாக்டர்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "முதல்ல உங்களைத் தாங்கட்டும்."

ஆபரேஷன் முடிந்த பிறகுதான் கஷ்டமே ஆரம்பித்தது. வீட்டில் மகள் பாசத்தோடு முட்டிக்கு அடியில் தலையணை வைத்தாள். கால் லேசாக மடங்கி, சொர்க்கமாக இருந்தது. முதல் நாள் வீட்டுக்குப் பார்க்க வந்த பிசியோ தலையணையை உருவித் தூக்கி நாற்காலியில் எறிந்தாள். "சுகமாத்தான் இருக்கும். ஆனா மடங்கின கால் மடங்கினபடியே இறுகிடும். அப்புறம் நேராக்க நீங்க அழுவீங்க, நானும் அழுவேன்." குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியைக் கட்டிலை நோக்கி அழுத்தச் சொன்னாள். மாடியக்கா அழுத்தினாள். தொடையில் எதுவுமே நடக்கவில்லை. யாரோ ஒருத்தியின் தொடையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டுக்குள் வீக்கம் இருக்கும்வரை மூளை அந்தத் தசையை விளக்கு மாதிரி அணைத்து வைத்துவிடும், அதைத் தட்டி எழுப்புவதுதான் முதல் வேலை என்றாள் பிசியோ. கைப்பிடியைத் தள்ளியும் க்ரேன் அசையாமல் நிற்கிற மாதிரி இருந்தது அது. அன்றைக்கு ராத்திரி அவள் யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

ஆனால் கால் திரும்பி வந்தது. ஊன்றுகோல் போனது, நொண்டல் போனது, வலியும் போனது. வலி போன நாளிலிருந்துதான் அவளுக்குப் பிசியோவோடு வம்பு.

"வலி முதல்ல போயிடும் அக்கா. பலம் கடைசியிலதான் வரும். நடுவுல இருக்கிற காலம்தான் ஆபத்து. அதுலதான் எல்லாரும் போய் மறுபடி அறுத்துட்டு வர்றாங்க."

"எனக்கு இப்ப எந்த வலியும் இல்ல மேடம்."

"அதைத்தானே சொல்றேன்."

அன்றைக்கும் அந்த ஒரு சாண் பெட்டியிலிருந்து இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டாள். பிசியோ தொடை இரண்டையும் நாடாவால் அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "வலதுக்கும் இடதுக்கும் இன்னும் வித்தியாசம் இருக்கு. வீட்டுல படி ஏறச் சொன்னேனே, ஏறுறீங்களா?"

"தினமும்."

"இறங்குறீங்களா?"

"ஏறினா இறங்கித்தானே ஆகணும்," என்று சொல்லிவிட்டு மாடியக்கா பூட்ஸின் கயிற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினாள்.

அது பொய். முழுப் பொய்கூட இல்லை; கேட்டதற்குப் பதில் சொல்லாத பொய். அவள் குடியிருக்கும் கட்டடத்தில் படியும் உண்டு, லிஃப்ட்டும் உண்டு. அவள் படியில் ஏறுவாள், லிஃப்ட்டில் இறங்குவாள். மறுபடி ஏறுவாள், மறுபடி லிஃப்ட்டில் இறங்குவாள். இறங்கும்போது முட்டி நடுங்கியது. அந்த நடுக்கம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதைவிட, இறங்குவதை ஒரு வேலையாகவே அவள் நினைக்கவில்லை. கூண்டுக்குப் போக ஏற வேண்டும். ஏறத்தான் மூச்சு வாங்கும். இறங்குவது என்பது வேலை முடிந்து வீட்டுக்குப் போவது. அதைப் போய் யாராவது பழகுவார்களா?

பிசியோவைத் தவிர யாரும் அதைக் கேட்கவும் இல்லை. லாரியில் ஊர் ஊராகச் சுற்றும் கணவர் போனில் கேட்டதும், "ஏற முடியுமா உன்னால?" என்றுதான். மகள் கேட்டதும் அதுதான். சைட் இன்ஜினியர் கேட்டதும் அதுதான்.

இன்ஜினியர் அதை ஸ்டோர் ரூம் ஜன்னலில் நின்று கேட்டார். மாடியக்காவுக்கு இப்போது அங்கேதான் வேலை. ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் எடுத்துக் கொடுப்பது. ஜன்னல் இல்லாத பக்கம் முழுக்க அலமாரி. தலையை வெளியே நீட்டினால் க்ரேன் தெரியும். அதில் இப்போது வேறொருவன் உட்கார்ந்திருந்தான். இளைஞன், கை சுத்தம், ஆனால் வாயே திறக்க மாட்டான். சிக்னல் தம்பி அவனுக்குச் சாமியார் என்று பெயர் வைத்திருந்தான். "குட்மார்னிங் சொன்னா பதில் வர்றதுக்குள்ள மதியம் ஆயிடுது அக்கா. நீ சீக்கிரம் வந்து சேரு. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாம எனக்குப் பைத்தியம் பிடிக்குது."

"ரெண்டாவது டவர் ஆரம்பிக்கிறோம்," என்றார் இன்ஜினியர். "புது க்ரேன். யார் உட்கார்றாங்களோ, டவர் முடியுற வரைக்கும் அவங்கதான். நடுவுல ஆளை மாத்த மாட்டேன். இந்த வாரம் ஹெட் ஆபீஸுக்கு ஆளைச் சொல்லணும். ஏற முடியுமா உங்களால?"

"முடியும் சார்."

"உங்க பிசியோ என்ன சொல்றாங்க?"

அந்த இடத்தில் ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அவள் அலமாரியைப் பார்த்தாள், கையுறைக் கட்டுகளைப் பார்த்தாள். இந்தச் சதுரத்துக்குள் இன்னும் சில வருஷம் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். கூண்டில் உட்காராத க்ரேன் ஆபரேட்டரை ஊர் எவ்வளவு சீக்கிரம் மறக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"சரின்னுட்டாங்க சார்."

"அப்ப நாளைக்கு இந்தப் பழைய க்ரேன்ல ஏறிக் காட்டுங்க. ஒரு மணி நேரம் வேலை பாருங்க, இறங்கி வாங்க. நல்லா இருந்தா சீட்டு உங்களுக்கு."

மறுநாள் காலை வானம் வெளிறிக் கிடந்தது. சாமியார் தரையில் ஓரமாகக் கைகட்டி நின்றான். மாடியக்கா இடுப்பிலும் தோளிலும் பெல்ட்டை மாட்டினாள். பெல்ட்டிலிருந்து தொங்கிய இரண்டு கொக்கிகளையும் இழுத்துப் பார்த்தாள். இந்தச் சைட்டில் இப்போது புது விதி: ஏணியில் எப்போதும் ஒரு கொக்கியாவது மாட்டியிருக்க வேண்டும், ஒன்றைக் கழற்றினால் இன்னொன்று மாட்டியிருக்க வேண்டும்.

ஏறினாள். வலது காலை மேலே வைத்துத் தள்ளி, இடதைக் கூட்டிக்கொண்டு. பிறகு இரண்டையும் மாற்றி மாற்றி. படிக்கட்டில் ஏறி ஏறிப் பழகிய மூச்சு நன்றாகவே ஒத்துழைத்தது. கோபுரத்துக்குள் ஏணி நேராகப் போகாது. கொஞ்ச உயரத்துக்கு ஒரு இரும்பு மேடை, அதிலிருந்து அடுத்த ஏணி, பிறகு அடுத்த மேடை. ஒவ்வொரு மேடையிலும் நகரம் கொஞ்சம் கீழே போனது. கூண்டின் கதவைத் திறந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், அந்த நாற்காலியின் கிழிசல் அவள் முதுகுக்கு அடையாளம் தெரிந்தது.

"சிக்னல் தம்பி, கேக்குதா?"

"அடடா!" என்றது வாக்கிடாக்கிப் பெட்டி. "யாரு, மாடி வீட்டு ஓனரம்மாவா? வாடகைக்கு விட்டிருந்தீங்க, வீட்டைச் சுத்தமா வெச்சிருக்கானா?"

"சீட்டைப் பின்னாடி தள்ளி வெச்சிருக்கான், ஒட்டகக் காலன்."

சாமியாரும் கீழே அதைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பான். எல்லாருக்கும் ஒரே அலைவரிசைதான்.

கம்பிக் கட்டுகளைத் தூக்கினாள். கட்டடத்துக்குப் பின்னால் இறக்கினாள். கை எதையும் மறக்கவில்லை. ஒரு கட்டு தரையைத் தொட்டபோது சத்தமே வரவில்லை. சிக்னல் தம்பி பெருமையோடு இருமினான். இன்ஜினியர் தலையாட்டிவிட்டுப் போனதாகச் சொன்னான். அப்போதுதான் காற்றுமானியின் எண் ஏற ஆரம்பித்தது.

முதலில் விட்டுவிட்டு வந்த காற்று. பிறகு விடாத காற்று. மேற்கே ஒரு பக்கம் வானம் ஈயம்போல் கறுத்துக்கொண்டு வந்தது. எச்சரிக்கை மணி அடித்தது.

"அக்கா, சார் வேலையை நிறுத்தச் சொல்றார். கொக்கியை மேல ஏத்திட்டு இறங்கி வா. மழையோட வருது."

அவள் சுமை தூக்கும் கொக்கியை மேலேற்றினாள். க்ரேனின் நீண்ட கை காற்றோடு சேர்ந்து தானாகத் திரும்பட்டும் என்று பிரேக்கை விடுவித்தாள். காற்றை எதிர்த்து நிற்கும் க்ரேன்தான் சாயும், திரும்பவிட்டால் தப்பிக்கும். கதவைச் சாத்தினாள். முதுகை வெளிப்பக்கம் காட்டி ஏணியில் காலை வைத்தாள்.

இறங்க ஆரம்பித்ததும் கை தானாகவே பழைய வழிக்குப் போனது. உடம்பைக் கையில் தொங்கவிட்டு நழுவ. ஆனால் பெல்ட்டின் கொக்கி விடவில்லை. சரசரவென்று நழுவ முடியாது. ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டும். அதற்கு ஒரு கை வேண்டும். ஒரு கை கொக்கிக்குப் போனால் உடம்பைப் பிடிக்க மிச்சமிருப்பது ஒரு கையும் காலும்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் காலால் இறங்க வேண்டியிருந்தது.

முதல் மேடை வந்தது. இரண்டாவது ஏணியில் இடது தொடை நடுங்கத் தொடங்கியது. ஸ்டோர் ரூமில் கையுறை மட்டும் எடுத்துக் கொடுத்துப் பழக்கம் விட்டுப்போன தோளும் கனத்தது. இரும்புக் கோபுரம் காற்றில் லேசாக ஆடியது. அது எப்போதும் ஆடும்தான், ஆனால் உட்கார்ந்திருக்கும்போது தெரிகிற ஆட்டம் வேறு, தொங்கும்போது தெரிகிற ஆட்டம் வேறு. இடது காலில் நின்று வலது காலைக் கீழே விட்டாள். பாதி தூரம் கால் பிடித்தது. மீதிக்கு விட்டுவிட்டது.

முட்டி மடங்கியது. மடங்கியதுகூட இல்லை, முட்டி என்ற ஒன்றே அங்கே இல்லாமல் போனது. உடம்பு சரிந்தது. இரண்டு கையும் கம்பியை அள்ளிப் பிடித்தன. பெல்ட் நெஞ்சை அழுத்தியது. வலது பூட்ஸ் எங்கோ ஒரு படியைத் தேடித் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தது. எப்படியோ அடுத்த மேடைக்கு வந்து, கொக்கியை மாட்டி, கம்பியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள்.

முட்டியைத் தடவிப் பார்த்தாள். சத்தம் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்ட மூடி திறக்கும் சத்தம் இல்லை. கயிறு இருக்கிறது. ஆனால் இன்னொரு தடவை இப்படி விழுந்தால்?

"அக்கா, எங்க இருக்க? கண்ணுல படலையே?"

அவள் வாக்கிடாக்கியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், பேசாமல் வைத்திருந்தாள். கீழே இன்னும் எவ்வளவோ ஏணிகள் இருந்தன. சொன்னால் சிக்னல் தம்பிக்கு மட்டும் கேட்காது. இன்ஜினியருக்குக் கேட்கும். சாமியாருக்குக் கேட்கும். தரையில் பெட்டி வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும். சொல்லாமல் கையாலேயே சமாளித்து இறங்கிவிட்டால்? மேலே ஏறிக் காட்டியாயிற்று. வேலை பார்த்துக் காட்டியாயிற்று. சீட்டு கிட்டத்தட்ட அவளுடையது. இந்த ஏணிகளைக் கடந்துவிட்டால் போதும். எழுந்து நின்று பார்த்தாள். கை விரல்கள் மடங்க மறுத்தன. ஈயக் கறுப்பு பாதி வானத்துக்கு வந்துவிட்டது.

விழுறீங்க அக்கா. இறங்கச் சொன்னா விழுறீங்க.

பிசியோ அதை விளக்கியும் சொல்லியிருந்தாள். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்கும். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து வைக்கும். அந்தப் பிடிதான் கடைசியில் திரும்பி வரும் என்று. மாடியக்கா அப்போது சரி சரி என்று தலையாட்டிவிட்டு மனசுக்குள் பஸ் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது, ஆடும் இரும்பு மேடையில் நின்றுகொண்டிருந்தபோது, அது தன்னுடைய வேலையைப் பற்றிய பேச்சு என்பது அவளுக்குப் புரிந்தது. சுமையைத் தூக்குவது மோட்டார். இறக்குவது பிரேக். தூக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு எந்தப் பைத்தியக்காரனாவது பிரேக்கைப் பார்க்காமல் க்ரேனை ஓட்டுவானா? ஓட்டியிருக்கிறாள். மாதக்கணக்கில், படியில் ஏறி லிஃப்ட்டில் இறங்கி, பிரேக் இல்லாத ஒரு க்ரேனைத் தயார் பண்ணியிருக்கிறாள். தினமும் சுமை இறக்குகிறவளுக்கு, தன் உடம்பும் ஒரு சுமை என்பது எப்படித் தோன்றாமல் போயிற்று?

பிரேக் வழுக்கினால் ஆபரேட்டர் என்ன செய்வாள்? மறைப்பாளா?

அவள் பட்டனை அழுத்தினாள்.

"சிக்னல் தம்பி. இடது முட்டி பிடிக்கல. ஒரு தடவை விட்டுடுச்சு. கூண்டுலேர்ந்து ரெண்டாவது மேடையில நிக்கிறேன்."

அவன் குரல் வந்தது, கேலி ஒரு துளிகூட இல்லாமல். "அடி பட்டிருக்கா?"

"இல்ல. பலம் இல்ல. பிசியோ சரின்னு சொல்லல. நான்தான் பொய் சொன்னேன். சார் கேட்டுட்டு இருக்காருன்னு தெரியும். கேக்கட்டும்."

இப்போது இன்ஜினியரின் குரல். "ரெஸ்க்யூ ஆளுங்களைக் கூப்பிடுறேன். அங்கேயே இருங்க."

"கூப்பிடுங்க சார். ஆனா அவங்க வர்றதுக்குள்ள மழையும் இடியும் வந்துடும், இரும்பு மேல நிக்கிறேன். கெட்ட காலை முதல்ல இறக்கி, நல்ல காலால பிடிச்சு இறங்குனா முடியும். பிசியோ சொல்லிக் கொடுத்திருக்காங்க, நான்தான் செய்யல. இடது கால் இன்னொரு தடவை விட்டா அடுத்த மேடையிலேயே நின்னுடுறேன். சிக்னல் தம்பி..."

"சொல்லு அக்கா."

"சுமை இறக்கணும். நான்தான் சுமை. நீ சொல்லு."

அவன் ஏணியின் அடிக்கு ஓடி வந்துவிட்டான்போல. கம்பிகளின் நடுவில் ஆரஞ்சுச் சட்டை ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

"தயாரா?"

"தயார்."

"இடது கால் கீழே. கீழே... மெல்ல... தொட்டாச்சு. நிறுத்து. இப்ப வலது, பக்கத்துல. நிறுத்து. கொக்கி."

அப்படியேதான். இடது கீழே, நேராக. வலது முட்டிதான் மடங்கி, அவள் முழு எடையையும் அங்குலம் அங்குலமாக விட்டுக் கொடுத்தது. பிறகு வலதும் அதே படிக்கு. கொக்கி. மறுபடி இடது. அவமானமாக இருந்தது, நடக்கப் பழகும் குழந்தை படி இறங்குவதும் இப்படித்தான். பிறகு அவமானப்பட நேரமில்லாமல் போனது. முதல் மழைத்துளி கையுறையில் விழுந்தது. கம்பி வழுக்க ஆரம்பித்தது.

"வேகம் வேண்டாம்," என்றான் அவன். "இரும்புக் கட்டு எறக்குறப்ப மழை வந்தா நீ வேகமாவா எறக்குவ? கண்ணாடிச் சட்டம்னு நெனச்சுக்கோ."

"இவ்வளவு குண்டான கண்ணாடிச் சட்டமா?"

"பேசாத. கீழே... மெல்ல... தொட்டாச்சு."

ஒரு மேடையில் வலது தொடையும் கெஞ்சியது. நின்றாள். மூச்சு விட்டாள். தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. எங்கோ தூரத்தில் இடி உருண்டது. அவன் அவசரப்படுத்தவில்லை. "நான் இங்கதான் நிக்கிறேன், எங்கேயும் போகல," என்று மட்டும் சொன்னான். அவள் மறுபடி இடது காலை விட்டாள்.

கடைசி ஏணி. கீழே பலகைகள் தெரிந்தன. எப்போதும் கையை விடும் இடம் வந்தது. உடம்பு முழுக்க அந்தக் குதியைக் கேட்டது. விரல்கள் தானாகத் தளர்ந்தன.

"இன்னும் இருக்கு," என்றது குரல். இப்போது பெட்டியிலும் கேட்டது, நேராகவும் கேட்டது. "இன்னும் இருக்கு அக்கா. கீழே. கீழே. மெல்ல. தொட்டாச்சு."

பலகையில் இரண்டு காலும் நின்றபோது அவன் "நிறுத்து" என்று சொல்ல மறந்துபோனான். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். சாமியார் எங்கிருந்தோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவளுக்குப் பின்னால் வைத்தான். "உட்காருங்க அக்கா," என்றான். சிக்னல் தம்பி மழையில் நனைந்துகொண்டு அவனைத் திரும்பிப் பார்த்தான். "பேசுறான்யா!"

யாரும் சிரிக்கவில்லை. இன்ஜினியர் குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

"உங்களை நம்பி மேல அனுப்பினேன்," என்றார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தெரியும் சார்."

"புது க்ரேன் அவருக்குத்தான்." சாமியாரை நோக்கித் தலையைச் சாய்த்தார். "அதுல பேச்சே இல்ல."

அவள் தலையாட்டினாள். கண் எரிந்தது; மழை என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவர் போகத் திரும்பினார், பிறகு நின்றார். "இந்தப் பழைய க்ரேன் இன்னும் கொஞ்ச காலம் நிக்கும். இதுக்கும் ஆள் வேணும். உங்க பிசியோ எனக்குப் போன் பண்ணட்டும், அப்புறம் பார்க்கலாம். நீங்க பண்ணாதீங்க. அவங்க பண்ணட்டும்."

மாலையில் பிசியோ வீங்கிய முட்டியை இரண்டு கையாலும் அமுக்கி, கீழ்க்காலை முன்னே இழுத்து இழுத்துப் பார்த்தாள். அப்போது மாடியக்காவுக்கு ஏணியில் வராத பயமெல்லாம் வந்தது.

"நார் பிடிச்சிருக்கு," என்றாள் கடைசியில். "நல்ல நேரம். வீக்கம் வடியற வரைக்கும் ஐஸ், அப்புறம் முதல்லேர்ந்து." பிறகு, ஐஸ் பையை அவள் மடியில் கொஞ்சம் ஓங்கியே வைத்துவிட்டுக் கேட்டாள்: "வீட்டுல படி இறங்கவே இல்லதானே?"

"லிஃப்ட் இருந்துது மேடம்."

பிசியோ மரப்பெட்டியைக் காலால் சுவரோரம் தள்ளினாள். "இது இருக்கட்டும். இதைவிடக் குட்டையா ஒண்ணு வெச்சிருக்கேன்."

சில வாரங்கள் கழித்து ஒரு காலை. மகள் காலேஜ் பையோடு லிஃப்ட்டின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வா, வா, நேரமாச்சு."

"நீ போ. நான் படியில வரேன்."

"அம்மா, எனக்குப் பஸ் போயிடும்."

"போகாது. போ."

கதவு மூடியது. மாடியக்கா கைப்பிடியைத் தொட்டும் தொடாமலும் பிடித்தாள். இடது காலில் நின்றாள். வலது காலைக் காற்றில் விட்டாள். தொடை நடுங்கியது. விடவில்லை. பாதி தூரம் வந்தது, மீதி தூரமும் பிடித்துக்கொண்டே வந்தது, குதிகால் சத்தமில்லாமல் கீழ்ப்படியைத் தொட்டது. அவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். அடுத்த படி.

லிஃப்ட் எப்போதோ தரைக்குப் போய்விட்டிருந்தது. கீழேயிருந்து மகளின் குரல் படிக்கட்டு வழியாகச் சுற்றிச் சுற்றி ஏறி வந்தது.

"அம்மா! நான் படிச்சு முடிச்சு, வேலைக்குப் போய், ரிட்டயர் ஆயிட்டேன். வரியா?"

"தொட்டாச்சு," என்றாள் மாடியக்கா, தனக்கு மட்டும் கேட்கும்படி. இன்னும் நிறையப் படிகள் இருந்தன. இடது காலில் நின்றாள்.